தேவை அறியாது உண்ணும் வைட்டமின் மாத்திரைகள்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் நிர்வாகக் குழுவில் அண்மையில் ஒரு பிரேரணை வந்தது. வைட்டமின் மாத்திரைப் புட்டிகளைச் சங்கத்தின் மூலம் மொத்தமாகத் தருவித்து, அங்கத்தினர்களுக்குத் தவணையில் வழங்கி, தொகையை நெசவுக் கூலியில் பிடித்தம் செய்துகொள்ளலாமா என்பதே அப்பிரேரணை. விற்பனை முகவர் ஒருவர் வீடுவீடாகச் சென்று, விரல் மரத்துப்போதல், முதுகுவலி, கண் சோர்வு, அசதி ஆகிய அனைத்துக்கும் வைட்டமின் குறைவே காரணம் என்று கூறியிருக்கிறார். குழுவினர் அவசரப்படாமல் பிரேரணையை ஒத்திவைத்து, விளக்கம் கேட்டனர். இக்கேள்வி உழவர் சங்கங்களிலும் எழக்கூடுமாதலால், அங்கத்தினர் அனைவரும் அறியுமாறு இங்கே எழுதுகிறேன். இதில் கூட்டுறவுச் சட்டம் கூறுவது சிறிது. வைத்திய சாஸ்திரம் கூறுவதே மிகுதி.

வைட்டமின் எனப்படும் ஜீவசத்துகள் நமது தேகத்திற்கு மிகச் சிறிய அளவில் இன்றியமையாதவை. ஜாவாத் தீவில் பணியாற்றிய ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீங்காத அரிசி கொடுத்தால் அவை தேறி எழுவதையும் 1890-களில் கண்டார். பெரிபெரி என்னும் நோயின் மர்மம் அதனால் விளங்கத் தொடங்கிற்று. காசிமிர் பங்க் என்ற விஞ்ஞானி 1912-இல் இத்தகைய சத்துகளுக்கு வைட்டமின் என்ற பெயரைச் சூட்டினார். நம் நீலகிரியிலுள்ள குன்னூரிலும் மக்காரிசன் என்பவரின் தலைமையில் ஆகார ஆராய்ச்சி சிறப்பாக நடைபெற்றது. அந்நிலையமே 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பெற்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. புழுங்கலரிசி உண்ட நம் முன்னோர்க்குப் பெரிபெரி அரிதாக இருந்ததன் காரணம் இதுவே.

இக்கண்டுபிடிப்புகள் யாவும் குறையுள்ளவனுக்குக் குறையை நீக்கியவை. குறையில்லாதவனுக்கும் அதே பொருள் வலுவைக் கூட்டும் என்று பின்னர் நாமாகவே முடிவு கட்டிக்கொண்டோம். உழவர் அன்பர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. துத்தநாகம் குறைந்த வயலில் துத்தநாக சல்பேட் இட்டால் பயிர் தெளிகிறது. தழைச்சத்து போதுமான அளவு உள்ள வயலில் மேலும் யூரியாவைக் கொட்டினால் பயிர் கொழுத்துச் சாய்கிறது. புகையானும் வந்து சேருகிறது. அதனாலன்றோ மண்ணைச் சோதித்த பின் உரமிடுமாறு கூறுகிறோம்? நிலத்திற்குக் காட்டும் இந்த எச்சரிக்கையை நம் உடம்புக்குக் காட்டுவோர் மிகச் சிலரே.

வைட்டமின்களில் இருவகை உண்டு. பி வகைகளும் சி-யும் நீரில் கரைபவை. சாயத்தொட்டியில் நூல் ஏற்றதுபோக எஞ்சிய சாயம் அலசும் நீரில் போவதுபோல, இவற்றின் மிகுதி பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை உண்டவரின் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாவது இதனால்தான். காசு போகும் வழியை அந்நிறமே காட்டுகிறது. ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் கரைபவை. இவை எளிதில் வெளியேறுவதில்லை. ஏ-யும் டி-யும் ஈரலிலும் கொழுப்பிலும் சேர்ந்து தங்கக்கூடியவை.

டி வைட்டமினை எடுத்துக்கொள்வோம். வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு 600 யூனிட் போதுமென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் மேற்சொன்ன ஹைதராபாத் நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட அளவு கூறுகிறது. மருந்துக் கடைகளில் கிடைக்கும் சிறு பொட்டலத்திலோ 60,000 யூனிட் இருக்கிறது. அதாவது நூறு நாள் அளவு ஒரே பொட்டலத்தில். குறை உள்ளதென்று இரத்தச் சோதனையால் அறிந்த மருத்துவர், வாரத்திற்கு ஒன்றாகச் சில வாரங்களுக்கு அதை எழுதித் தருகிறார். சீட்டைச் சரியாகப் படிக்காமல் தினம் ஒன்றாக உண்பவர் ஒரு மாதத்தில் 18 லட்சம் யூனிட்டை உட்கொண்டவராவார். அப்போது இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து, பசியின்மை, வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், மனக்குழப்பம் ஆகியவை தோன்றும், சிறுநீரகமும் பழுதடையலாம். மருந்தை நிறுத்திய பின்னரும், சேர்ந்து தங்கியது கரைவதற்கு வாரங்கள், மாதங்கள்கூட ஆகும்.

நீரில் கரைபவற்றால் ஒருபோதும் தீங்கில்லை என்றும் கருதிவிடலாகாது. நெசவாளர்கள் இவ்விடத்தில் கூர்ந்து கவனிக்க வேண்டும். விரல் மரத்துப்போகிறது என்று அவர்கள் கேட்டு வாங்கும் ‘நரம்பு மாத்திரை’களில் பி-6 என்ற பைரிடாக்ஸின் பெரும்பாலும் இருக்கும். நமக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் போதும். 100 மில்லிகிராம் கொண்ட மாத்திரைகளும் விற்கப்படுகின்றன. இச்சத்தை நெடுநாள் மிகுதியாக உண்டால் நரம்பே கெட்டு, கைகால் மரத்துப்போகும்! அமெரிக்காவில் நாள்தோறும் 2 கிராமும் அதற்கு மேலும் உண்டுவந்த எழுவர், நடை தள்ளாடிக் கையுணர்வு இழந்த செய்தி 1983-இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. அது மிகப் பெரிய அளவுதான். ஆயினும் அதனினும் மிகக் குறைந்த அளவிலும் தீங்கு நேர்வது பின்னர் அறியப்பட்டதால், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு நாளொன்றுக்கு 12 மில்லிகிராமே உச்ச வரம்பு என்று 2023-இல் குறைத்தது. மாத்திரையால் மரத்துப்போன விரலுக்கு மேலும் மாத்திரை வாங்கும் நிலை தறிக்காரனுக்கு நேர்ந்தால், அவன் தொழில் என்னாவது? நாடா தள்ளியும் இழை முடிந்தும் பிழைக்கும் கைக்கு உணர்வே மூலதனம்.

மரத்துப்போவதற்கு உண்மையான காரணங்கள் பல. மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டிருக்கலாம், நீரிழிவு இருக்கலாம், பி-12 குறைவும் இருக்கலாம். இந்த பி-12 மரக்கறியில் இல்லை; பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலேயே உண்டு. பாலும் அரிதாகிவிட்ட சைவக் குடும்பத்தினருக்கும், நீரிழிவுக்கு மெட்பார்மின் மாத்திரையை நெடுங்காலம் உண்பவர்க்கும் இக்குறை வரக்கூடும். ஆனால் குறை இன்னதென்று சோதியாமல் போலிக் அமிலத்தை மட்டும் மிகுதியாக உண்டால், இரத்தசோகை மறைந்து முகம் தெளியும். உள்ளே நரம்பின் சேதமோ வளர்ந்துகொண்டே இருக்கும். நோயின் அறிகுறியை மறைத்துவிடும் மருந்து பகைவனைவிடப் பொல்லாதது.

பீடி, சிகரெட் புகைக்கும் அங்கத்தினர்களுக்கு ஒரு செய்தி. காய்கறிகளில் உள்ள பீட்டா கரோட்டீன் என்ற பொருள் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி, பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆடவரைக் கொண்டு சோதனை நடத்தினர். 1994-இல் முடிவு வெளியாயிற்று. அம்மாத்திரையை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் மிகுந்திருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் பீட்டா கரோட்டீனையும் ஏ வைட்டமினையும் சேர்த்துக் கொடுத்து நடத்திய சோதனையிலும் அந்நோய் 28 சதவீதம் மிகுந்து காணவே, 1996-இல் அதைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டனர். கீரையிலும் கேரட்டிலும் உள்ள கரோட்டீனால் இத்தீங்கு காணப்படவில்லை. முருங்கைக் கீரையை அஞ்சி ஒதுக்க வேண்டாம். மாத்திரை வடிவில் குவிந்துவரும் பெரிய அளவே அஞ்சத்தக்கது.

கருவுற்ற மகளிர் ஏ வைட்டமின் மாத்திரையையோ மீன் ஈரல் எண்ணெயையோ தாமாக உண்ணலாகாது. நாளொன்றுக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் போனால் சிசுவின் அங்கங்கள் ஊனமுறக்கூடும். தலைமுடி வளரப் பயோட்டின் மாத்திரை உண்பவர், இரத்தச் சோதனைக்குச் செல்லும்போது அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். தைராய்டுச் சோதனையிலும், மாரடைப்பை அறியும் சோதனையிலும் அது பொய்யான முடிவைக் காட்டக்கூடும் என அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2017-இல் எச்சரித்துள்ளது.

இனி, யாருக்குத்தான் மாத்திரை வேண்டும்? கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை 180 நாட்களுக்கு அரசு இலவசமாக வழங்குகிறது. அதை ஒருவரும் தவிர்த்தல் கூடாது. குழந்தைகளுக்குச் சுகாதார ஊழியர் தரும் ஏ வைட்டமின் திரவமும் அவ்வாறே. குழித்தறியில் காலைமுதல் அந்திவரை கூரைக்குள் அமர்ந்திருப்பவர்க்கு வெயிலின்மையால் டி வைட்டமின் குறைவது உண்மையே. வெயிலில் நாளெல்லாம் நிற்கும் உழவருக்கு அக்குறை நேர்வது அதனினும் அரிது. ஒரே ஊரில், ஒரே தெருவில் வசிக்கும் இருவருக்கே தேவை இவ்வாறு வேறுபடும்போது, ஊர் முழுவதற்கும் ஒரே புட்டி எங்ஙனம் பொருந்தும்?

முகவர்கள் விற்கும் புட்டியின் மேலுள்ள எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் மருந்து உரிம எண் இராது. உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிம எண்ணே இருக்கும். மருந்தாகப் பயன்படுத்துவதற்கன்று என்ற வாசகமும் சிறிய எழுத்தில் காணப்படும். அத்தகைய பொருளை நோய் தீர்ப்பது என்று கூறி விற்பதற்குச் சட்டம் இடந்தரவில்லை. ஆதலின் சங்கம் அதனைத் தருவித்துக் கூலியில் பிடித்தம் செய்வது தகாது என்பதே என் கருத்து. அந்தத் தவணைத் தொகை வீட்டில் முட்டைக்கும் பாலுக்கும் கீரைக்கும் பருப்புக்கும் போகட்டும்.

அசதியோ மரத்தலோ நீடித்தால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். அதுவரை உண்டுவந்த மாத்திரைகளின் அட்டைகள், புட்டிகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு மாத்திரை உண்பவர் அதனோடு இரும்பு, சுண்ணாம்பு மாத்திரைகளைச் சேர்த்து விழுங்க வேண்டாம். இடையே நான்கு மணி நேரமாவது கழியட்டும். வீட்டிலுள்ள இரும்புச் சத்து மாத்திரைகளைக் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். மிட்டாயென்று எண்ணிச் சில மாத்திரைகளை விழுங்கிய சிறு குழந்தை உயிருக்கே ஆபத்தான நிலையை அடையக்கூடும். அவ்வாறு விழுங்கியது தெரிந்தால், வாந்தி நின்றுவிட்டதே என்று வீட்டில் காத்திராமல், அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவேண்டும்.