அழுத பாட்டுக்கு ஆடிய ஊர்

2021 மார்ச் 7 அன்று யூடியூபில் ஒரு தமிழ்ப் பாட்டு வெளியானது. அதற்குப் படம் கிடையாது, கதாநாயகன் கிடையாது, இசை வெளியீட்டு விழாவும் கிடையாது. பாடியவர்கள் தீ, அறிவு. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது, ஏ.ஆர்.ரஹ்மானின் ஆதரவோடு தொடங்கப்பட்ட 'மாஜா' என்ற புது நிறுவனம். 'என்ஜாய் எஞ்சாமி' என்ற அந்தப் பாட்டின் பார்வை எண்ணிக்கை 2022-இல் நாற்பது கோடியைத் தாண்டியிருந்தது. பெரிய நடிகர்களின் சினிமாப் பாட்டுகளே எட்டத் திணறும் எண்ணிக்கை அது.

காவிரிப் படுகையில் திருக்கடையூர் மாதிரியான ஊரில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. அபிராமி சன்னிதியில் அறுபதாம் கல்யாணமோ எண்பதாம் கல்யாணமோ நடக்காத நாள் அபூர்வம். விடிந்ததும் நாகஸ்வரமும் தவிலும் தொடங்கிவிடும். கோயில் வீதியைத் தாண்டி வயல் பக்கம் போனால் பாட்டு வேறு. நடவுப் பாட்டு, சாவு வீட்டில் ஒப்பாரி, பறை. அறிவின் பாட்டு இந்த இரண்டாவது தெருவிலிருந்து கிளம்பியது.

அரக்கோணத்துக்காரரான அறிவு சினிமா வழியாக முதலில் தெரிய வந்தவர் அல்ல. ஒரு இசைக்குழுவின் வழியாக வந்தவர். இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. ராக் கிடாரும் டிரம்ஸும் ஒரு பக்கம், கானாவும் பறையும் இன்னொரு பக்கம், நடுவே ராப். சென்னையில் ராக் குழு என்றாலே ஆங்கிலம் பாடும் கல்லூரி இளைஞர்கள் என்றிருந்த நினைப்பை அந்தக் கூட்டம் கலைத்தது. அடுத்த ஆண்டே அறிவு, இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' என்ற தொகுப்பை வெளியிட்டார்.

'என்ஜாய் எஞ்சாமி'க்குப் பின்னால் இருப்பது அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் கதை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, வெறுங்கையோடு இந்தியாவுக்குத் திரும்பிய தலைமுறையைச் சேர்ந்தவர். 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை தருவதென்றும் தீர்மானித்தது. காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. அப்படித் திரும்பிவந்த பாட்டியே காணொளியிலும் தோன்றுகிறார்.

காவிரிப் படுகைக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நட்டவர், அறுத்தவர், போரடித்தவர் ஒருவர். பத்தாயத்துக்குச் சொந்தக்காரர் வேறொருவர் என்ற கணக்கு இங்கே பல தலைமுறை ஓடியது. தஞ்சைப் பண்ணையாள்களைக் காக்க 1952-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவில், கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து போனார்கள். அந்த ஊரும் திருக்கடையூரும் 2020 இறுதியில் மயிலாடுதுறை தனி மாவட்டமாகும்வரை ஒரே நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான் இருந்தன.

இவ்வளவு கனத்தைச் சுமந்த பாட்டுக்கு ஊரே ஆடியது. கொரோனா இரண்டாம் அலை தலைதூக்கிய 2021 ஏப்ரலில் கேரளக் காவல்துறையினர் அந்த மெட்டுக்கே ஆடி விழிப்புணர்வுக் காணொளி வெளியிட்டார்கள். பிள்ளைகள் ஆடினார்கள், கல்யாண மண்டபங்களில் ஆடினார்கள். பாட்டின் துக்கம் புரியாமல் ஆடுகிறார்களே என்று சிலர் வருத்தப்பட்டதுண்டு. அந்த வருத்தம் அவ்வளவு நியாயமானதில்லை. பறை அடித்து ஆடியபடியே சவத்தை எடுத்துச் செல்லும் ஊர்கள் நம்முடையவை. முதுகு ஒடியும் நடவின் நடுவே கேலிப் பாட்டு பாடும் பெண்கள் நம்மவர்கள். துள்ளலும் அழுகையும் ஒரே தாளத்தில் வருவது நம் ஆட்களுக்குப் புதிதில்லை.

தகராறு வந்தது வேறு இடத்தில். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் கனடாத் தமிழ்ப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பேச வைத்த 'என்ஜாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' இரண்டிலும் எழுத்து அறிவுடையது. அட்டையில் அவர் இல்லை. பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். பிறகு அந்த இதழ் அறிவை வைத்து ஒரு டிஜிட்டல் அட்டை வெளியிட்டது. பிரெஞ்சு இசைக்கலைஞர் டிஜே ஸ்னேக் செய்த ரீமிக்ஸைச் சுற்றியும், அறிவு எங்கே என்ற இதே கேள்வி எழுந்தது.

2022 ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா நடந்தது. பிரதமரும் முதல்வரும் கலந்துகொண்ட அந்த மேடையில் தீயோடு நாட்டுப்புறப் பாடகி கிடக்குழி மாரியம்மாள் 'என்ஜாய் எஞ்சாமி'யைப் பாடினார். அறிவு அமெரிக்காவில் இருந்தார். சில நாள்களில் அவர் இன்ஸ்டாகிராமில் எழுதினார்: மெட்டோ சொல்லோ யாரும் தனக்குத் தரவில்லை, தூக்கம் தொலைத்த ஆறு மாத உழைப்பு அது என்று. சந்தோஷ் நாராயணன் தன் தரப்பைச் சொன்னார்: 2020 டிசம்பரில் தீயும் இயக்குநர் மணிகண்டனும் தானும் பேசிய யோசனையிலிருந்து பாட்டு பிறந்தது, இசையமைத்தது தான், வருமானத்தில் தீ, அறிவு, தான் ஆகிய மூவருக்கும் சம பங்கு என்று.

இருவரில் யார் சரி என்று வெளியே இருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. பாட்டு உருவாகும் முறையே அப்படி. ஒருவர் சொல்லோடு சேர்த்தே மெட்டை முனகுவார். இன்னொருவர் அதற்குத் தாளமும் கருவியும் கோத்து முழு உருவம் கொடுப்பார். சட்டம் இந்த வேலைகளைப் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர், ஒலிப்பதிவின் உரிமையாளர் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிறது. 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிய ராயல்டியை அவர்கள் விரும்பினாலும் முழுதாக விட்டுக்கொடுக்க முடியாதபடி செய்தது. மாநிலங்களவையில் அதற்காக வாதாடியவர்களில் கவிஞர் ஜாவேத் அக்தர் முக்கியமானவர். ஆனால் ஒப்பாரிக்குச் சட்டத்தில் நாற்காலி கிடையாது. பெயர் தெரியாத கிழவிகள் கட்டிய ராகத்திலிருந்து ஒரு பாட்டு முளைத்தால், அவர்களுக்கான பங்கை எந்தப் படிவத்தில் எழுதுவது?

பங்கு பிரிக்கப் பணம் வந்ததா என்பதே அடுத்த சிக்கல். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் ஒரு காணொளியில், அந்தப் பாட்டிலிருந்து தங்கள் மூவருக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்றார். அதில் ரஹ்மானைக் குறை சொல்லவில்லை; அவரும் பாதிக்கப்பட்டவரே என்றார். சந்தோஷ் நாராயணன் தரப்புக் குற்றச்சாட்டு அது. ஆனாலும் கோடிக்கணக்கான பார்வை என்றால் கோடிக்கணக்கில் பணம் என்று கணக்குப் போடும் இளம் இசைக்குழுக்கள் அந்தக் காணொளியை ஒருமுறை பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம்.

அறிவு மறுபடி குழுவாகவே வந்தார். 'அம்பாஸா' என்ற தன் இசைக்குழுவோடு 2024-இல் அவர் வெளியிட்ட தொகுப்பின் பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'.