இடுப்புப் பிடிப்பு மாத்திரை: கடைக்காரர் கவனத்திற்கு

பழவேற்காடு ஏரியோர மீனவக் கிராமங்களில் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு இது பழகிய குரல்: "அண்ணாச்சி, இடுப்பு பிடிச்சிக்கிச்சு, ஒரு மாத்திரை குடுங்க." வலை இழுத்தும் கோல் ஊன்றிப் படகு தள்ளியும் வந்தவரிடம் இல்லையென்று சொல்ல மனம் வராதுதான். ஆனால் தசைப்பிடிப்பு மாத்திரை தைலம் போன்றதல்ல.

இவ்வகை மாத்திரைகளில் பெரும்பாலானவை மூளை, தண்டுவடம் வழியாகவே தசையைத் தளர்த்துகின்றன. ஆகவே தூக்கமும் கிறக்கமும் வரும். டிசானிடின் இரத்த அழுத்தத்தையும் இறக்கும்; சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். வீட்டில் என்றால் பாயில் சாயலாம், நடு ஏரியில் படகு விளிம்பில் நிற்பவர் என்ன செய்வார்? மது சேர்ந்தால் இன்னும் மோசம். வயிற்றுப்போக்குக்குப் பலர் தாமாகவே விழுங்கும் சிப்ரோபிளாக்சசினுடன் டிசானிடின் சேரவே கூடாது. தயோகோல்சிகோசைடு கர்ப்பிணிகளுக்கு ஆகாது. வாய்வழி 7 நாளுக்கு மேல் வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் பரிந்துரைத்தது. சில மாத்திரைகளில் பாரசிட்டமாலும் கலந்திருக்கும். காய்ச்சல் மாத்திரையும் சேர்ந்தால் அளவு மீறி ஈரல் கெடும்.

மளிகைக் கடையில் இவற்றை வைக்கவே வேண்டாம். 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டப்படி உரிமமின்றி விற்றால் 3 ஆண்டுக்குக் குறையாத சிறை, 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். மருந்துக் கடை நடத்துவோர் சீட்டிலுள்ள நாட்களுக்கு மட்டும் கொடுங்கள். அட்டையை வெட்டும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதியைச் சிதைக்காதீர்கள். "ராத்திரி தொழிலுக்குப் போறீங்களா?" என்றும் கேளுங்கள். கால் மரத்து, சிறுநீர் போகவில்லை என்பவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.