கணனியோடு விழித்திருக்கும் மகள்

எமது மாதர் சங்கக் கூட்டங்களுக்கு வரும் தாய்மார் முன்பெல்லாம் தையல் மெசின், கோழிக்குஞ்சு, சுயதொழில் கடன் ஆகியவற்றைப் பற்றியே கேட்பார்கள். அண்மைக்காலமாக வேறொரு கேள்வியும் வருகிறது.

"மிஸ், இவள் கணனியில என்ன வேலை செய்யிறாள் எண்டு எனக்கு விளங்கேல்லை. இரவிரவா முழிச்சிருக்கிறாள். தனிய இருந்து சிரிக்கிறாள். அக்கம்பக்கத்துச் சனம் கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?"

இப்படிக் கேட்டவர் உப்புவெளிப் பக்கத்துத் தாயொருவர். யுத்தத்தில் கணவரை இழந்தவர். இடியப்பம் அவித்து விற்று மகளை உயர்தரம் வரை படிப்பித்தவர். மகளின் மடிக்கணனிக்குச் சீட்டுக் காசை எடுத்துக் கொடுத்தவரும் அவரே. அவருடைய கேள்வியில் நியாயம் இருக்கிறது. தையல் என்றால் தைத்த சட்டையைக் கண்ணால் பார்க்கலாம். மகள் செய்யும் வேலையோ ஒரு கண்ணாடித் திரைக்குள் இருக்கிறது. மகளின் தொழில் இணையத்தள வடிவமைப்பு. அதைப் பற்றி எழுதுமாறு வேறு சில தாய்மாரும் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

இணையத்தளம் கட்டுவது வீடு கட்டுவது போன்றது. முதலில் ஒரு காணி வேண்டும். இணையத்தில் அந்தக் காணி எங்கோ தூரத்தில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய கணனியில் வாடகைக்கு எடுக்கும் இடம். வீட்டுக்கு விலாசம் வேண்டும். எமது நாட்டின் விலாசங்கள் 'எல்.கே' என்று முடியும். 2010 முதல் '.இலங்கை' என்று தமிழிலேயே முடியும் விலாசமும் உண்டு. பிறகு தூணும் சுவரும் எழுப்ப வேண்டும், அதற்கான மொழி எச்.ரி.எம்.எல். வெள்ளையடித்துத் திரைச்சீலை போடுவது சி.எஸ்.எஸ். சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிவதுபோல ஓரிடத்தைத் தொட்டால் ஒன்று நடக்கச் செய்வது ஜாவாஸ்கிரிப்ட். இவ்வளவுதான் அடிப்படை. இதையெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்தத் தங்கை பெரும்பாலும் நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து விருந்தினர் விடுதிகளுக்கே தளங்கள் செய்கிறார். எமது கரையில் உல்லாசப் பயணிகள் கூடுதலாக வருவது மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை. ஆகவே அவருக்கு மாசியும் பங்குனியும் நெருக்கடியான மாதங்கள். அறையின் விலையை மாற்றவேண்டும், புறாமலைக்குப் போகும் படகின் படத்தைப் போடவேண்டும், இன்றைக்கே வேண்டும் என்று தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்குமாம்.

இரவில் விழித்திருப்பதற்குக் காரணம் இன்னொரு வேலை. கனடாவில் உள்ள ஒரு தமிழர் கடைக்கும் அவர் தளம் பராமரிக்கிறார். கோடைகாலத்தில் ரொறன்ரோவில் காலை ஒன்பது மணியாகும்போது எமக்கு மாலை ஆறரை. குளிர்காலத்தில் ஏழரை. அங்கே கடை திறந்து முதலாளி கதைக்கத் தொடங்கும் நேரம் இங்கே நாம் விளக்கேற்றும் நேரம். இதைத் தாயிடம் விளங்கப்படுத்தியபோது, "அப்ப அது இரவு வேலையில்லை, அவங்கட பகல் வேலை" என்றார். சமூகவியல் வகுப்பில் மூன்று வருடம் படித்த எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வராது.

வேலையில் பெரும்பகுதி பிழை தேடுவது. ஒரு அரைப்புள்ளி விடுபட்டால் பக்கம் முழுவதும் குழம்பிவிடும். இந்தப் பிழையை ஆங்கிலத்தில் 'பக்', அதாவது பூச்சி, என்கிறார்கள். 1947 இல் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகக் கணனி ஒன்றுக்குள் உண்மையாகவே ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டது. அங்கிருந்தவர்கள் அதைப் பதிவுப் புத்தகத்தில் ஒட்டி வைத்தார்கள். அந்தச் சொல் அதற்கு முன்பே வழக்கில் இருந்தது, ஆனால் கதையை உலகெங்கும் பரப்பியவர் அங்கே வேலை செய்த கிரேஸ் ஹொப்பர் என்ற பெண். கணனிக்கு மனித மொழியை ஒத்த கட்டளைகளை எழுதலாம் என்று வாதாடி வழிகாட்டியவர்களுள் அவரும் ஒருவர். இது ஆண்பிள்ளைகளின் தொழில் என்று சொல்பவர்களுக்கு அவருடைய பெயரைச் சொல்லலாம்.

பிழை பிடிபடாவிட்டால் என்ன செய்வார்கள்? வெளிநாடுகளில் மேசையில் ஒரு றப்பர் வாத்தை வைத்துக்கொண்டு, தாம் எழுதியதை அதற்கு வரி வரியாக விளங்கப்படுத்துவார்களாம். சொல்லிக்கொண்டு போகும்போதே எங்கே பிழைத்தது என்று தமக்கே தெரிந்துவிடும். எமது தங்கையிடம் வாத்து இல்லை. அம்மம்மா இருக்கிறார். வெற்றிலை இடித்தபடி "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருப்பார். பாதியில் "ஆ, பிடிச்சிட்டன்!" என்று பேத்தி எழுந்து ஓடுவாள். "என்னத்தைப் பிடிச்சவள் எண்டு இன்னும் எனக்குச் சொல்லேல்லை" என்பது அம்மம்மாவின் முறைப்பாடு.

இனி அந்தத் தனிச் சிரிப்புக்கு வருவோம். கூகிள் குரோமில் இணைய இணைப்பு அறுந்தால் திரையில் ஒரு சின்ன டைனோசர் நிற்கும். ஒரு விசையைத் தட்டினால் அது கள்ளிச்செடிகளைத் தாண்டித் தாண்டி ஓடும். 2014 இல் சேர்த்த விளையாட்டு அது. இணைப்புப் போனால் வேலையும் நின்றுவிடும், கோபம் வரும். அந்த நேரத்தில் சிரிக்க வைக்கத்தான் அதை ஒளித்து வைத்திருக்கிறார்கள். 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் கிடந்தபோது, மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. அந்த நாட்களில் மடிக்கணனி மின்கலம் தீரும்வரை டைனோசர்தான் துணை என்றார் தங்கை. அவருடைய சாதனை எத்தனை புள்ளி என்று என்னிடமும் சொன்னார். எனது புள்ளியை நான் இங்கே எழுதப்போவதில்லை.

விளையாட்டுப் புத்தி இந்தத் தொழிலோடு கூடவே பிறந்தது போலும். உலகளாவிய வலையை உருவாக்கிய ரிம் பேர்னர்ஸ் லீ 1989 இல் தமது திட்டத்தை முன்வைத்தது ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் என்ற பௌதிக ஆய்வு நிலையத்தில். அங்கே வேலை செய்த பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு பாட்டுக்குழு வைத்திருந்தார்கள். இரவுக் கடமையை விட்டு வராத விஞ்ஞானிக் காதலனைக் கேலி செய்வது போன்ற பாட்டுகள். 1992 இல் எடுத்த அந்தப் பெண்களின் படம்தான் வலையில் ஏற்றப்பட்ட முதற் படங்களுள் ஒன்று. ஆக, இரவில் விழித்திருப்பவர்களைப் பற்றிய முறைப்பாடு அங்கேயும் இருந்திருக்கிறது. அவர்கள் அதைப் பாட்டாக்கிவிட்டார்கள்.

ஞாயிறு மாலைகளில் தங்கை கணனியை மூடிவிட்டுச் சிநேகிதிகளோடு டச்பே கடற்கரைக்குப் போகிறார். கச்சான் வாங்கிக்கொண்டு, பட்டினத்து மான்களையும் பார்த்துக்கொண்டு வருவார்கள். வழியில் சாப்பாட்டுக் கடைப் பலகைகளில் உள்ள எழுத்துப் பிழைகளை எண்ணுவது அவர்களுடைய போட்டி. தொழில் கண் ஓய்வதில்லை.

வேலை முடிந்த பிறகும் இவர்களுள் சிலர் சம்பளமில்லாமல் செய்யும் வேலைகள் உண்டு. அவற்றைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமி எமது கரையையும் அடித்தது. அப்போது இலங்கைக் கணனித்துறையினர் தொண்டாகக் கூடி, சில வாரங்களுக்குள் 'சஹானா' என்ற இணையவழிப் பதிவேட்டை எழுதினார்கள். நிவாரணம் என்று பொருள்படும் சிங்களச் சொல் அது. காணாமற்போனோர், முகாம்களில் இருப்போர், எந்த நிறுவனம் எங்கே உதவுகிறது என்பவற்றைப் பதிய அது உதவியது. பிறகு 2005 இல் பாகிஸ்தான் பூகம்பத்திலும் 2010 இல் ஹெயிற்றி பூகம்பத்திலும் பயன்பட்டது. ஒரு பெயரைத் தேடி முகாம் முகாமாக, பட்டியல் பட்டியலாக அலைந்த எமக்கு, ஒழுங்கான ஒரு பெயர்ப் பதிவேட்டின் பெறுமதியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மு. மயூரன், தி. கோபிநாத் ஆகியோர் 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டமும் இப்படித் தொண்டில் வளர்ந்ததே. ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். இடம்பெயர்ந்தபோது வீட்டோடு எரிந்துபோன புத்தகம் ஒன்று அங்கே இருக்கலாம், தேடிப் பாருங்கள்.

பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகிய சகோதரிகள் எம்மிடையே பலர். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் அதே தமிழ் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோட் வந்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. பழைய ஆவணங்களை யூனிகோட்டுக்கு மாற்றி, பிழை பார்த்துக் கொடுக்கும் வேலை இன்றும் இருக்கிறது. இந்தத் துறைக்குள் நுழைய அது ஒரு சின்ன வாசல்.

வருமானம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். தங்கைக்கு ஒரு விடுதிக்காரர் வேலை முடிந்த பிறகு தொலைபேசியை எடுக்காமலே விட்டுவிட்டார். அன்றிலிருந்து அரைவாசிக் காசை முற்பணமாக வாங்காமல் அவர் கணனியைத் திறப்பதில்லை. என்ன வேலை, எத்தனை நாள், எத்தனை தடவை திருத்தம் என்பதையும் எழுதியே வாங்குகிறார். கழுத்து நோவும் கண் எரிவும் இந்தத் தொழிலின் வியாதிகள். மணிக்கொரு தடவை எழுந்து நடக்க வேண்டும். அவருடைய வீட்டில் அதற்கு அம்மாவின் "தண்ணி அள்ளித் தா பிள்ளை" போதுமானது.

மகளுக்கு இதில் விருப்பமிருந்தால் காசு கட்ட முன் சற்றுப் பொறுங்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தள வடிவமைப்புக்கான ஆரம்பப் பாடநெறியை இணையவழியில் இலவசமாக நடத்துகிறது. முதலில் அதில் இரண்டு மாதம் இருந்து பார்க்கட்டும். பிடித்திருந்தால் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையத்தில் என்.வி.கியூ. சான்றிதழ் தரும் கணனிப் பாடநெறிகளை விசாரியுங்கள். "வீட்டிலிருந்தே மாதம் இலட்சம் உழைக்கலாம், பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்று கைத்தொலைபேசிக்கு வரும் விளம்பரங்களுக்கு ஒரு சதமும் அனுப்பவேண்டாம். வேலை தருபவர் எம்மிடம் காசு கேட்பதில்லை.