புது வீடு: சில தவறான எண்ணங்கள்

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. கட்டும் தொல்லை வேண்டாமென்று, கட்டி முடித்த வீட்டை வாங்க விழைவோர் இன்று திருத்தணியிலும் உண்டு. என் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். ஓய்வு பெற்றபோது கிடைத்த வருங்கால வைப்பு நிதியிலிருந்து ஒரு புது வீட்டிற்கு முன்பணம் கொடுத்தார். அந்த அனுபவத்தால் எங்களை விட்டு நீங்கிய தவறான எண்ணங்கள் நான்கினை இங்கே கூற விரும்புகிறேன்.

முதலாவது, புது வீட்டில் குறை இராது என்பது. சிமெண்டுக் கலவை ஈரத்தில் இருந்தே வலுப்பெறும். குறைந்தது ஏழு நாளேனும் தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும். அவசரத்தில் அதைச் செய்யாது விட்டால் வெடிப்பு விழும். புது வண்ணம் அதை மறைத்துவிடும். சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று இடிந்து விழுந்து 61 உயிர்களைப் பலிகொண்ட 11 மாடிக் கட்டடம், கட்டிக்கொண்டிருந்த புதுக் கட்டடமே! ஆகவே பொறியாளர் ஒருவரை அழைத்துச் சென்று காட்டுதல் நன்று. ஒரு மழைக்காலம் கண்ட வீடாயின் இன்னும் நன்று.

இரண்டாவது, பத்திரம் பதிவாகிவிட்டால் உரிமை உறுதி என்பது. பதிவாவது பத்திரமேயன்றி உரிமையன்று. விற்றவருக்கு இல்லாத உரிமை, பதிவினால் மட்டும் வாங்கியவருக்கு வந்துவிடாது.

மூன்றாவது, வில்லங்கச் சான்று ஒன்றே போதும் என்பது. நாம் கேட்ட ஆண்டுகளில் பதிவான பத்திரங்களை மட்டுமே அது காட்டும். நாங்கள் வாங்கிய முப்பது ஆண்டுச் சான்றில் வில்லங்கம் ஏதுமில்லை. வழக்கறிஞரோ தாய்ப் பத்திரத்தைக் கேட்டார். அது தெலுங்கில் இருந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள்தான் திருத்தணி, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தில் சேர்ந்தது என்பதை நாம் அறிவோம். தெலுங்கு அறிந்த அண்டை வீட்டுப் பெரியவர் படித்துச் சொன்னார். அது ஒரு பாகப் பத்திரம். அந்த மனையில் ஒரு பகுதி உடன்பிறந்த சகோதரிக்கு உரியது. அவருடைய வாரிசுகள் எவரும் பின்னாளில் கையெழுத்திட்டதாகக் காகிதம் இல்லை. வீடு புதிது, மண் பழையது என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

நான்காவது, புதுச் சட்டம் எல்லா வீடுகளையும் காக்கும் என்பது. 2016ஆம் ஆண்டின் வீட்டுமனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தமின்றி விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வாங்கலாகாது. ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், கட்டியவரே செலவின்றிச் சீர்செய்து தரவேண்டும். ஆனால் மனை 500 சதுர மீட்டருக்கு மேற்படாத, அல்லது வீடுகள் எட்டுக்கு மேற்படாத திட்டங்களை அச்சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்ய வேண்டியதில்லை. நாங்கள் பேசியது அத்தகைய தனி வீடு. ஒப்பந்தமும் எழுதவில்லை. கொடுத்த முன்பணத்தில் பாதியே திரும்பி வந்தது.

தந்தையாரைக் குறை கூற எனக்கு மனமில்லை. நம்மில் பலருடைய இல்லங்களில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை நாம்தான். முன்பணம் கொடுக்கும்முன் அந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்கிப் படித்திருக்க வேண்டியவன் நான், படிக்கவில்லை. நண்பர்களே, தேர்வுக்காகப் பக்கம் பக்கமாய்ப் படிக்கும் நாம், பெற்றோர் கையெழுத்திடும் முன் அந்தப் பத்திரத்தையும் ஒருமுறை படித்துச் சொல்வோமாக!