காலண்டரில் போட்ட நிறம் ஏன் நிற்பதில்லை?

வியாபாரத்தில் சரக்கு எவ்வளவு முக்கியமோ, தேதியும் அவ்வளவு முக்கியம். சரக்கு கெட்டால் ஒரு மூட்டையோடு போகும். தேதி கெட்டால் பணமும் போகும், பெயரும் போகும். இதை நம் வணிகர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முன்பெல்லாம் தேதிகளைச் சுவரில் தொங்கும் காலண்டரில் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு வைத்தோம். இப்போது கல்லாவுக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் இருப்பதால், பலரும் அதிலுள்ள காலண்டரிலேயே குறித்துக்கொள்கிறோம். வரிக்குச் சிவப்பு, வசூலுக்குப் பச்சை, பட்டுவாடாவுக்கு நீலம், சரக்கு வரும் நாளுக்கு மஞ்சள் என்று நிறம் பிரித்துவிட்டால் ஒரே பார்வையில் மாதம் முழுவதும் தெரியும். நல்ல வசதிதான். ஆனால், "நேற்றுப் போட்ட நிறம் இன்று காலையில் காணவில்லை", "பையன் கம்ப்யூட்டரில் தெரிகிறது, என்னுடையதில் தெரியவில்லை" என்று நம் உறுப்பினர்கள் பலர் சொல்வதைக் கேட்கிறோம். பெரும்பாலான கடைகளில் இருப்பது மைக்ரோசாப்ட் அவுட்லுக் என்பதால், அதை வைத்தே காரணங்களையும் பரிகாரங்களையும் இங்கே எழுதுகிறோம்.

நிறம் போனால் என்ன நஷ்டம்?

நிறம் வெறும் அலங்காரம் அல்ல. ஜி.எஸ்.டி.யில் மாதந்தோறும் கணக்குக் கொடுப்பவர் விற்பனை விவரமான ஜி.எஸ்.டி.ஆர்-1ஐ அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள்ளும், வரி கட்டும் 3பி படிவத்தை 20ஆம் தேதிக்குள்ளும் தாக்கல் செய்ய வேண்டும். 3பி தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.50 தாமதக் கட்டணம்; கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இது நம் கையை மட்டும் கடிப்பது. 11ஆம் தேதியைத் தவறவிட்டால் அது நம்மிடம் வாங்குகிற சில்லறைக் கடைக்காரரையும் கடிக்கும். நாம் பதிந்த பில்தான் 14ஆம் தேதி உருவாகும் அவருடைய 2பி பட்டியலில் ஏறும். ஏறாவிட்டால் அந்த மாதம் அவருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. அவர் அடுத்த லோடை யாரிடம் எடுப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

காசோலையும் அப்படியே. 2012 ஏப்ரல் 1 முதல் காசோலையின் ஆயுள் 3 மாதம்தான். அதற்கு முன் 6 மாதம் இருந்தது. பச்சை நிறம் மறைந்து, வசூல் தேதி கண்ணில் படாமல் போனால், மேஜை அறையில் கிடக்கும் காசோலை வெறும் காகிதமாகிவிடும்.

நிறம் எங்கே இருக்கிறது?

கோளாறைப் பிடிக்க முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். லாரி ஆபீசில் வந்து இறங்கும் மூட்டையில் ஒரு மார்க்கா இருக்கிறது. அந்த மார்க்கா யாருடையது என்பது மூட்டையில் எழுதியிருக்காது. அது லாரி ஆபீஸ் பதிவேட்டில் இருக்கும். பதிவேடு தொலைந்தால் மூட்டை இருக்கும், மார்க்காவும் இருக்கும், யாருடையது என்றுதான் தெரியாது.

அவுட்லுக்கும் இப்படித்தான். 'வசூல்' என்று ஒரு வகையை உண்டாக்கி அதற்குப் பச்சை கொடுத்தால், நாம் குறித்த ஒவ்வொரு தேதியிலும் 'வசூல்' என்ற பெயர் மட்டுமே பதிகிறது. 'வசூல் என்றால் பச்சை' என்ற விவரம் தனியாக ஒரு மூலப் பட்டியலில் இருக்கிறது. 2007க்கு முந்தைய அவுட்லுக்கில் இந்தப் பட்டியல் விண்டோசுக்குள் இருந்தது. அவுட்லுக் 2007ல் இருந்து, நம் அஞ்சல்பெட்டியின் காலண்டருக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பதிவாக இருக்கிறது. அஞ்சல்பெட்டி அல்லது டேட்டா பைல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு.

ஆகவே நிறம் காணவில்லை என்றால் இரண்டில் ஒன்றுதான்: மூட்டையில் மார்க்கா விழவில்லை, அல்லது பதிவேடு இல்லை. எது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கண்டுபிடிக்கும் வழி

'சோதனை' என்ற பெயரில் புதிதாக ஒரு வகை உண்டாக்கி, ஏதாவது ஒரு தேதிக்கு அதைப் போடுங்கள். அவுட்லுக்கை முழுவதும் மூடித் திறந்து பாருங்கள். வகைப் பட்டியலிலேயே 'சோதனை' இல்லையென்றால் பதிவேட்டில் கோளாறு. பட்டியலில் இருந்து, தேதியில் மட்டும் இல்லையென்றால் பதிவாகும்போது கோளாறு.

பதிவாகாததற்கான காரணங்கள்

முதல் காரணம் மிகச் சாதாரணமானது. ஒரு தேதிக் குறிப்பைத் திறந்து வைத்து நிறம் போட்டால், 'சேவ் அண்ட் குளோஸ்' அழுத்தும் வரை அது பதிவாகாது. வாடிக்கையாளர் வந்துவிட்டார் என்று பெருக்கல் குறியை அழுத்தி, கேட்கும் கேள்விக்கு 'நோ' என்று சொல்லிவிட்டால் நிறம் போயிற்று. கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்லிவையுங்கள்.

இரண்டாவது, அந்தக் காலண்டர் நம்முடையதுதானா என்று பார்க்க வேண்டும். திரையின் இடப்பக்கத்தில் பல காலண்டர்களின் பெயர்கள் இருக்கும். இணைய முகவரி கொடுத்துச் சேர்த்துக்கொண்ட காலண்டர் பார்வைக்கு மட்டுமே. அதில் எதையும் மாற்ற முடியாது. கூகுள் காலண்டரை அவ்வாறு இணைப்பு மூலம் பழைய அவுட்லுக்கில் சேர்த்திருப்பவர்கள் திருத்தங்களைக் கூகுளிலேயே செய்ய வேண்டும். பங்காளி பகிர்ந்த காலண்டர் என்றால், திருத்தும் உரிமையை அவர் நமக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, ஆட்-இன் எனப்படும் ஒட்டு மென்பொருள்கள். கணக்கு மென்பொருள், வைரஸ் தடுப்பு, செல்போன் இணைப்பு என்று பலதும் அவுட்லுக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒன்று நாம் போட்டதை அழிக்கக்கூடும். கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டே அவுட்லுக் படத்தைக் கிளிக் செய்தால், பாதுகாப்பு முறையில் திறக்கவா என்று கேட்கும். 'யெஸ்' என்று சொல்லுங்கள். அப்போது ஒட்டு மென்பொருள்கள் ஓடாது. இம்முறையில் நிறம் நிற்கிறது என்றால் குற்றவாளி அவற்றில்தான் இருக்கிறான். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துப் பிடித்துவிடலாம்.

பதிவேட்டில் கோளாறு என்றால்

தேதியில் பெயர் இருந்து நிறம் மட்டும் இல்லையென்றால், 'கேட்டகரைஸ்' பட்டனில் 'ஆல் கேட்டகரீஸ்' திறந்து பாருங்கள். அந்தப் பெயருக்கு அருகில், மூலப் பட்டியலில் இல்லை என்று ஆங்கிலத்தில் காட்டும். அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து 'நியூ' அழுத்தி, நிறம் கொடுத்து, 'ஓகே' செய்தால் அது பட்டியலில் ஏறிவிடும். பழைய தேதிகளுக்கும் நிறம் வந்துவிடும். கம்ப்யூட்டர் மாற்றியவர்களுக்கும் பழைய பைலைக் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கும் பெரும்பாலும் இவ்வளவே போதும்.

மிகப் பழைய பைல்களை வைத்திருப்பவர்கள், இடப்பக்கத்தில் அஞ்சல்பெட்டியின் பெயர் மேல் மவுசின் வலது பட்டனை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'அப்கிரேட் டு கலர் கேட்டகரீஸ்' என்ற பட்டன் இருந்தால் அதை ஒருமுறை அழுத்த வேண்டும்.

அதற்கும் சரியாகாவிட்டால் டேட்டா பைல் பழுதாகியிருக்கலாம். அவுட்லுக் 2002 வரையிலான பழைய வகை பி.எஸ்.டி. பைல் 2 ஜி.பி.க்கு மேல் தாங்காது. பைலை வேறிடத்தில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அவுட்லுக்கை மூடி, அதனுடன் வரும் 'ஸ்கேன்பிஎஸ்டி' என்ற பழுதுபார்க்கும் கருவியை ஓட்டுங்கள். நகல் எடுக்காமல் பழுது பார்ப்பது, எடை போடாமல் மூட்டை பிரிப்பது போல.

இரண்டு மூன்று கம்ப்யூட்டர்களை வயரால் இணைத்து, பி.எஸ்.டி. பைலை ஒன்றில் வைத்து எல்லோரும் அதையே திறக்கும் ஏற்பாடு வேண்டாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதைத் திறக்க முடியும். அப்படி வைத்துக்கொள்வதை மைக்ரோசாப்ட் நிறுவனமும் ஆதரிப்பதில்லை. பைல் பழுதாக அது ஒரு முக்கிய வழி.

ஐமேப் கணக்குக்காரர்கள் கவனிக்க

கடைப் பெயரில் ஈமெயில் வைத்திருக்கும் பலருக்கும் இருப்பது ஐமேப் முறைக் கணக்கு. ஐமேப் என்பது கடிதம் கொண்டுவந்து கொடுக்கும் தபால்காரர் மட்டுமே. காலண்டரை அது சுமப்பதில்லை. அவுட்லுக்கின் நிற வகைகளையும் சுமப்பதில்லை. அத்தகைய கணக்கின் காலண்டர் பெயருக்கு அருகில் 'திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி' என்று போட்டிருக்கும். அதாவது, அந்த ஒரு இயந்திரத்தில் மட்டும்தான் இருக்கிறது. மற்றவர் கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ தெரியவில்லை என்றால் வியப்பில்லை.

இதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பழுது பார்க்க வருபவர், "கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும்" என்பார். கடிதங்கள் சர்வரிலிருந்து திரும்ப வந்துவிடும். காலண்டர் வராது, நிறத்தோடு தேதிகளும் சேர்ந்து போய்விடும். எனவே முதலில் 'எக்ஸ்போர்ட்' மூலம் காலண்டரைத் தனி பி.எஸ்.டி. பைலாக எடுத்து வைக்காமல் யாரையும் கணக்கில் கைவைக்க விடாதீர்கள்.

நிரந்தரப் பரிகாரம், காலண்டரை அவுட்லுக்.காம் அல்லது மைக்ரோசாப்ட் 365 அஞ்சல்பெட்டியில் வைத்துக்கொள்வது. தேதிகளும் நிறப் பட்டியலும் சர்வரிலேயே இருக்கும். எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் வரும். இக்கணக்குகளில் நிறம் குழம்பினால், பிரவுசரில் அதே அஞ்சல்பெட்டியைத் திறந்து பாருங்கள். அங்கே நிறம் சரியாக இருந்தால் சர்வரில் குறையில்லை. நம் இயந்திரத்திலுள்ள நகலில்தான் கோளாறு.

கடைசி மருந்து

அவுட்லுக்கை 'கிளீன்கேட்டகரீஸ்' என்ற கட்டளையோடு திறக்கும் வழியைச் சிலர் சொல்லித் தருவார்கள். நாம் சூட்டிய வகைப் பெயர்களையெல்லாம் அது நீக்கிவிட்டு, ஆரம்பத்தில் இருந்தபடி ஆக்கிவிடும். வேறு எதற்கும் மசியாதபோது, பெயர்களையும் நிறங்களையும் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே இதைச் செய்ய வேண்டும்.

இங்கே சொன்ன பாதுகாப்பு முறையும் 'ஸ்கேன்பிஎஸ்டி'யும் பழைய அவுட்லுக்குக்கு உரியவை. விண்டோசில் இப்போது வரும் புதிய அவுட்லுக்கில் பழைய பாணி ஒட்டு மென்பொருள்கள் ஓடுவதில்லை.

வராமல் காக்க

அவுட்லுக்கில் 25 நிறங்கள் உண்டு. அத்தனையும் கடைக்கு வேண்டாம்; ஐந்தாறு போதும். எந்த நிறம் எதற்கு என்பதைத் தாளில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவிடுங்கள். கடையிலுள்ள எல்லா இயந்திரங்களிலும் பெயர் ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கட்டும். ஒருவர் 'வசூல்' என்றும் மற்றவர் 'வசூல் பாக்கி' என்றும் போட்டால் கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு வகைகள். ஒரு வகையைப் பட்டியலிலிருந்து நீக்கினால், முன்பு குறித்த தேதிகளில் அந்தப் பெயர் அப்படியே தங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நிறத்தை மட்டும் நம்பி ஒரு தேதியையும் விடக்கூடாது. குறிப்பின் முதல் சொல்லாகவே 'வரி', 'வசூல்', 'லோடு' என்று எழுதி, தொகையையும் கடைப் பெயரையும் சேர்த்து, முந்தின நாளே மணியடிக்கும்படி நினைவூட்டலும் வையுங்கள். சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரியும் கண்கள் ஆண்களில் சிலருக்கு உண்டு; அத்தகைய கணக்குப்பிள்ளைக்கும் எழுத்து உதவும். நிறம் போனாலும் சொல் நிற்கும், தேடினால் கிடைக்கும்.

மாதம் ஒருமுறை, 3பி தாக்கல் செய்து முடித்த மறுநாள், காலண்டரை ஒரு நகல் எடுத்துப் பென் டிரைவில் வைத்துவிடுங்கள். பேரேட்டைப் பூட்டி வைக்கிற நாம், தேதியேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகலாமா?