வண்ணமீன் குஞ்சுகளுக்கு ஏற்ற தீனி

கிணற்றடியில் சிமெண்டுத் தொட்டி கட்டி வண்ணமீன் வளர்க்கும் உழவர்கள், முட்டை பொரித்த நான்காம் ஐந்தாம் நாளில் குஞ்சுகள் கூட்டமாக மடிந்து கிடப்பதைக் கண்டு, நோய் என்று எண்ணி மருந்து வாங்க ஓடுவதுண்டு. பல நேரங்களில் அது நோயன்று, பட்டினி.

பொரித்து வெளிவரும் குஞ்சின் வயிற்றில் கருவுணவுப் பை ஒட்டியிருக்கும். 2 அல்லது 3 நாட்களுக்கு அதுவே ஆகாரம். அது கரைந்து குஞ்சு நீந்தத் தொடங்கும்போது, அதன் சிறிய வாய்க்குள் நுழையக்கூடிய, உயிருள்ள தீனி நீரில் இருந்தாக வேண்டும். தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் மாவாக அரைத்துத் தூவினாலும், அசையாத பொருளைக் குஞ்சுகள் அதிகம் நாடுவதில்லை. தின்னாத மாவு அடியில் அழுகி நீரைக் கெடுக்கும். கப்பி, மோலி போன்ற குட்டி போடும் இனங்களுக்கு இத்தொல்லை இல்லை. அவற்றின் குட்டிகள் பிறந்த அன்றே பொடித் தீனி தின்னும். பொன்மீன், கௌராமி, சண்டை மீன் ஆகியவற்றிற்குத்தான் முன்னேற்பாடு தேவை.

இதற்கான நுண்ணுயிர்த் தீனியை வீட்டிலேயே தயாரிக்கலாம். 50 லிட்டர் நீரில் 2 அல்லது 3 வாழைப்பழத் தோல்களையும், துணியில் வடிகட்டிய குளத்து நீர் சிறிதளவும் இட்டு, கொசுவலையால் மூடி வைக்கவும். இரண்டு நாளில் நீர் பால்போல் கலங்கி நாற்றமடிக்கும். கெட்டுவிட்டது என்று பலரும் கொட்டிவிடுவது இந்தக் கட்டத்தில்தான்! கொட்ட வேண்டாம். மேலும் சில நாட்களில் நீர் தெளிந்து இளமஞ்சளாக மாறும், அதுவே பதம். எனவே, தாய் மீன்களை இனப்பெருக்கத் தொட்டியில் விடும் அன்றே தோலை ஊறப்போட்டுவிட வேண்டும்.

ஒரு வாரத்திற்குப் பின், மொய்னா என்னும் நீர்த்தெள்ளு கொடுக்கலாம். ஆர்ட்டீமியாவும் நல்ல தீனியே, ஆனால் விலை கூடுதல்.

வளர்ந்த மீன்களுக்கு நம் மண்புழு உரக் குழியே போதும். மண்புழுவின் உலர் எடையில் ஏறத்தாழ 60 சதம் புரதம். புழுக்களை ஒரு நாள் ஈரச் சாக்கில் வைத்து, குடலில் உள்ள மண் வெளியேறியதும் கழுவி, நறுக்கி, சில நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவு மட்டும் இடவும். பூச்சிமருந்து தெளித்த பயிர்க் கழிவு சேர்ந்த குழியின் புழு ஆகாது. சாக்கடையில் அள்ளும் செம்புழுவையும் தவிர்ப்பது நல்லது. அது நோயையும் நச்சு உலோகங்களையும் கொண்டுவரக்கூடும். கொசுப்புழு சத்தானதுதான். ஆயினும், தீனிக்கென அதை வளர்ப்பது வீட்டிற்கு டெங்குவை வரவழைப்பதாகும்.

நிறம் வெளுத்த மீனுக்குச் சந்தையில் விலையில்லை. சிவப்பும் மஞ்சளும் தரும் கரோட்டினாய்டு நிறமிகளை மீன் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது. தீனியின் மூலமே பெற வேண்டும். செண்டுமல்லி விலை சரிந்து, பறிகூலிக்கும் கட்டாமல் பூவைச் செடியிலேயே விட்டுவிடும் நாட்களில், இதழ்களை நிழலில் உலர்த்திப் பொடித்து வைத்துக்கொண்டு, தவிடு பிண்ணாக்குத் தீனியுடன் சிறிதளவு கலந்து கொடுக்கலாம்.