தண்ணீர் இறங்கினால் தலைகாட்டும் நந்தி

மேட்டூர் அணைக்குள்ளே ஒரு கோயிலும் ஒரு தேவாலயமும் இருப்பது தெரியுமா, நேயர்களே?

காவிரியின் குறுக்கே இந்த அணை திறக்கப்பட்டது 1934-இல். அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரே நீர்த்தேக்கத்துக்கும் அமைந்தது. தண்ணீர் ஏற ஏற, கரையோரக் கிராமங்கள் பல உள்ளே போயின. ஜனங்கள் சட்டிபானையோடு மேட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். கோயிலைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

அணை நிரம்பியிருந்தால் வெறும் தண்ணீர்தான், சுற்றிலும் மலைகள். நீர்மட்டம் இறங்கும்போது கொளத்தூர் பக்கம் பண்ணவாடியில் முதலில் எட்டிப்பார்ப்பது தேவாலயத்தின் கோபுரம். இன்னும் வற்றினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி! முதலில் தலை, அப்புறம் திமில், பிறகு முழு உருவமும்.

வற்றிய நிலத்தையும் சும்மா விடுவதில்லை. சோளம், கம்பு, நிலக்கடலை என்று விதைத்துவிடுகிறார்கள். வெள்ளம் வருவதற்குள் அறுவடையை முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மேட்டூருக்கு வருகிறவர்களில் பலர் அணைப் பூங்காவைச் சுற்றிவிட்டு, மீன் வறுவலோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். பண்ணவாடிக்குக் கொளத்தூர் வழியாகப் போக வேண்டும். எதிர்க்கரை நாகமரை, அது தருமபுரி மாவட்டம்.

கிளம்புமுன் செய்தியில் மேட்டூர் நீர்மட்டத்தைக் கவனியுங்கள். முழு அளவு 120 அடி. அதில் பாதிக்கு இறங்கியிருந்தால் நந்தி தரிசனம் உறுதி.